மகளின் படத்துக்கு நான் போட்ட லேமினேஷன்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம். செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில்தான் இது நடந்தது. ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன் எல்லாம் செய்கிறேன். இதில் லேமினேஷன் என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு. வீட்டு ரேஷன் கார்டு, கேஸ் புத்தகத்தின் முதல் பக்கம், ஃப்ரிட்ஜ் வாரண்டி கார்டு, மகள் ஒன்றாம் வகுப்பில் மாறுவேடப் போட்டிக்கு வாங்கிய சான்றிதழ் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. கரண்ட் போனால் எழுதி மாட்டுவதற்கென்று ஒரு வெள்ளைத் தாளுக்குக்கூடப் போட்டு வைத்திருக்கிறேன். போர்டு மார்க்கரால் 'கரண்ட் இல்லை, 2 மணிக்கு வரவும்' என்று எழுதுவேன், கரண்ட் வந்ததும் துணியால் துடைத்துவிடுவேன். "உங்கள உட்டா கல்யாணத்தன்னிக்கி எனக்கே போட்டிருப்பீங்க" என்று என் மனைவி சொல்வாள். நனையாது, கிழியாது, மடங்காது. ஒரு பொருள் மேல் அக்கறை இருந்தால் அதற்கு வேறு என்ன செய்துவிட முடியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

யார் பெயரையும் எழுதப்போவதில்லை. ஊர் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

என் மகள் அப்போது பி.காம். இரண்டாம் வருஷம், தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் இருந்தது. எப்படி, எதனால் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், அவளும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். அதற்கும் இரண்டு வருஷம் முன்னால், கத்திரி வெயிலில் முழுக்கைச் சட்டையோடு திரிந்தவளை அவள் அம்மாதான் முதலில் கவனித்தாள். கவனித்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் செய்த கூத்துகளை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல்தான் எரிச்சல் வருகிறது. முதல் நாள் நான் கத்தினேன். இரண்டாம் நாள் அவள் அம்மா அழுதுகொண்டே தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். மூன்றாம் நாள் சத்தியம் உடைந்ததற்காக மறுபடி கத்தினேன். "உனக்கு இன்னா கொற வெச்சோம்" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. அவள் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை.

அப்புறம் வீட்டில் இருந்த தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றினேன், குளியலறைத் தாழ்ப்பாள் உட்பட. கழற்றிய பிறகுதான் உறைத்தது, அந்த வீட்டில் நானும்தான் குளிக்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே, அதனால் ஒரு மாசம் வீட்டில் மூன்று பேரும் பாடிக்கொண்டே குளித்தோம். நான் பாடினால் தெருநாய் எழுந்து போகும். உறவுக்காரர் ஒருவர் காதல் விவகாரமா என்று துருவினார். இன்னொருவர் கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்றார், ஏதோ பல்வலிக்குக் கிராம்பு வைக்கச் சொல்வது மாதிரி.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். மருந்தும் எழுதினார், மாதம் இரண்டு முறை ஆலோசனைக்கும் வரச் சொன்னார். அதுவரை எல்லாம் எனக்குப் புரிந்தது. அதோடு நிறுத்தாமல், செஞ்சியிலேயே சனிக்கிழமை மதியம் ஒரு குழு கூடுகிறது, இதே கஷ்டம் இருக்கிறவர்கள் சேர்ந்து உட்கார்ந்து படம் வரைவார்கள், காகிதம் வெட்டி ஒட்டுவார்கள், இதையெல்லாம் விடாமல் அதற்கும் அனுப்புங்கள் என்றார்.

"படம் வரைஞ்சா சரியாப்பூடுமா மேடம்" என்று கேட்டேன்.

"தெரியலைங்க. ஆனா ஒரு தடவ போனவங்க திரும்பவும் போறாங்க" என்றார்.

இது ஒரு பதிலா? ஜெராக்ஸ் எடுக்க வருகிறவரிடம் 'எழுத்து தெரியுமோ தெரியாதோ, ஆனால் எல்லோரும் எடுக்கிறார்கள்' என்று நான் சொன்னால் ஒரு ஆள் கடைக்கு வருவானா? இருந்தாலும் வேறு வழி தெரியாததால் கூட்டிப்போனேன்.

உரக்கடைக்கு மேலே ஒரு மாடி அறை. படியில் கால் வைக்கும்போதே யூரியா வாசனை வரும். ஜன்னலுக்கு நேரே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும் என்று மகள் பிறகு சொன்னாள். பெற்றவர்கள் மேலே வரக் கூடாதாம். படிக்கட்டுக் கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கடைக்கு வாரம் இரண்டு முறை வருகிற அம்மா அவர். இங்கே ஓர் அலுவலகத்தில் வேலை, ஐம்பது வயதுக்குக் குறையாது. காப்பியில் ஒரு மயிரிழை கோடு விழுந்தால்கூட "ஏங்க, மிஷின தொடைக்கவே மாட்டீங்களா" என்று எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்குவார்.

"மேடம், நீங்க இதுக்குப் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. நானும் வர்றவதான். சாவி எங்கிட்ட இருக்குது, அவ்ளோதான்."

'நானும் வர்றவதான்' என்று அவர் சொன்னது அன்றைக்கு என் மண்டைக்குள் இறங்கவே இல்லை. இது சின்னப் பிள்ளைகளின் வியாதி என்று நான் முடிவு கட்டியிருந்தேன். இந்த அம்மா எந்த வெயிலிலும் முழங்கை தாண்டி மணிக்கட்டு வரை ரவிக்கை போட்டிருப்பார். அதைப் பற்றி வீட்டில் நான் கிண்டல் அடித்ததும் உண்டு. சாவி வைத்திருக்கிறாராம், படிப்பு இல்லையாம், வாத்தியாரும் இல்லையாம். நல்ல குழு என்று முனகிக்கொண்டே கீழே உர மூட்டை மேல் உட்கார்ந்தேன்.

படிக்கட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நான் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்ததுதான், கடையில் போடும்போது படிக்கவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்து வேறு வேலை இல்லாததால் படித்தேன். இங்கே கேட்டது இங்கேயே இருக்க வேண்டும். காயத்தைப் பற்றி விலாவாரியாகப் பேசக் கூடாது. படத்துக்கு அர்த்தம் கேட்கக் கூடாது. நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று எதுவும் சொல்லக் கூடாது. ஒருவர் தாளை அவரைக் கேட்காமல் இன்னொருவர் தொடக் கூடாது. நன்றாக இருந்தால்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாதாம். இதென்ன சட்டம் என்று எரிச்சலாக இருந்தது. சாரல் பட்டு அந்தத் தாளின் ஓரம் ஊறிப்போயிருந்தது வேறு என் கண்ணை உறுத்தியது. அடுத்த முறை அவர் கடைக்கு வந்தபோது சும்மாவே லேமினேஷன் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"வேணாங்க. அப்பப்ப மாத்துவோம்" என்று சொல்லிவிட்டு, "ரெண்டு பக்கமும் போடுங்க, கோடு விழாம" என்று தன் வேலையை நீட்டினார். மாடியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. என்னை வேறெங்கும் பார்த்ததே இல்லை என்பது மாதிரி முகம்.

இப்படியே எட்டு வாரம் போனது. சனிக்கிழமை மூன்று மணிக்குக் கொண்டுபோய் விடுவேன், ஐந்து மணிக்குக் கூட்டி வருவேன். வண்டியில் வரும்போது "இன்னாம்மா பண்ணீங்க" என்று கேட்பேன். "ஒண்ணும் இல்ல நைனா" என்பாள். எட்டு வாரமும் அதே பதில். விரலில் பசை காய்ந்திருக்கும், நகத்தில் சாயம் இருக்கும், ஆனால் ஒண்ணும் இல்லை. ஒருநாள் கடையில் வேஸ்ட் காப்பி வேண்டும் என்றாள். கறுப்புப் பட்டை விழுந்தது, பாதியில் சிக்கியது, கோணலாக வந்தது, அந்த மாதிரித் தாள்கள். நான் புதுத் தாள் கட்டையே பிரித்து நீட்டினேன். வேண்டாம், கெட்டுப்போனதுதான் வேண்டும் என்றாள். பெயர், நம்பர் இருக்கிற தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு மீதியை ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். பெற்ற அப்பன் நல்ல தாள் கொடுத்தால் வேண்டாம், குப்பை வேண்டும். என்ன சொல்வது?

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை. அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். அவசரத்தில் அலமாரியை மூடாமல் போயிருந்தாள், துணிகளுக்கு நடுவில் ஒரு கெட்டித் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன். என் கடை வேஸ்ட் காப்பிகளைக் கிழித்து ஒட்டி, மேலே சாயம் பூசி, ஒரு மலை. நம் ராஜகிரிதான், சந்தேகமே இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும் அந்தப் பாறைகளை டோனர் மைப் பட்டை விழுந்த கறுப்புத் துண்டுகளால் செய்திருந்தாள். ஒரு பாறையின் ஓரத்தில் 'இதனால் சான்றளிக்கப்படுவது' என்று பாதி எழுத்து தெரிந்தது. மேலே வானம் நீலம். அந்த நீலத்துக்குக் கீழே வேறு என்னென்னவோ நிறங்கள் மூடிக் கிடந்தன.

இரண்டு வருஷமாக அந்தப் பெண்ணை நினைத்தாலே பயம்தான். அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பெருமையாக இருந்தது. என் மகள் இதைச் செய்திருக்கிறாள் என்று நாலு பேரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதோடு மழைக்காலம், அலமாரி வேறு ஈரம் கோத்திருந்தது. இது வீணாகிவிடக் கூடாது என்று நினைத்தேன். படிக்கட்டுத் தாளின் கடைசி வரி நினைவுக்கு வரவே இல்லையா என்று கேட்டால், வந்தது. அது அவர்களுக்குள்ளே, நான் அப்பன்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்குக் கொண்டுபோய், பெரிய சைஸ் பிளாஸ்டிக் பவுச்சில் வைத்து, மிஷினை நன்றாகச் சூடேற்றி, ஒட்டின இடத்தில் காற்றுக் கொப்புளம் நிற்காமல் இருக்க இரண்டு முறை ஓட்டினேன். என் வாழ்நாளிலேயே நான் போட்ட நல்ல லேமினேஷன் அதுதான். கடை முகப்பில் மாதிரி ஐடி கார்டுகளுக்குப் பக்கத்தில் மாட்டினேன். வந்தவர்களிடமெல்லாம் என் மகள் செய்தது என்று சொன்னேன். ஒருவர் போட்டோ எடுத்துத் தன் ஸ்டேட்டஸில்கூட வைத்தார்.

மாலை நாலரைக்கு அவள் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்கு வந்தாள். பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். அவள் கிட்டே போய், விரலால் அந்த நீலத்தைத் தொட்டாள். பிளாஸ்டிக் வழுக்கியது.

"இது மேல இனிமே எப்படி நைனா ஒட்றது?" என்றாள்.

"எதுக்கும்மா ஒட்டணும்? அதான் முடிஞ்சிடிச்சே."

"முடியல."

அவ்வளவுதான். படத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்து போய்விட்டாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். நான் என்ன கிழித்தேனா, எரித்தேனா? அவள் அடுப்படியில் நின்றபடியே என்னைப் பார்த்தாள்.

"அவளுக்கு மனசு தாங்காதப்பல்லாம் அந்தத் தாளதான் எடுத்து வெச்சிக்கினு ஒட்டுவா. கை சும்மா இருக்காது, இல்ல? அதுக்குப் பதிலா இது. ஒரே தாளு. அதும் மேலயே ஒட்டி, அதும் மேலயே பூசி. நான் எத்தினி தடவ கதவாண்ட நின்னு பாத்திருக்கேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே லேமினேஷன் போட்டிருப்பீங்க."

அந்த மலை படமே இல்லை, அந்த வாரம் மேலாக இருந்த அடுக்கு, அவ்வளவுதான். அதற்குக் கீழே இருந்த நிறங்களெல்லாம் அவள் கையைத் தன் மேல் வைக்காமல் கடந்துபோன நேரங்கள். அதற்கு மேல் இனி எதுவும் ஒட்டாதபடி நான் சீல் வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றிப் பிரித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் சுருங்கியது, ஒரு ஓரத்தில் பாறையும் சேர்ந்து உரிந்து வந்தது. அலறி அடித்து நிறுத்தி, அந்த ஓரத்தை மறுபடி சூடேற்றி ஒட்டிவிட்டேன். திண்டிவனத்தில் இதே தொழில் செய்யும் நண்பருக்கு போன் போட்டேன். "இன்னாண்ணே, நீயே இதக் கேக்கற" என்று சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை. ஒரிஜினல் சான்றிதழை எடுத்துக்கொண்டு வருகிற ஒவ்வொருவரிடமும் 'போட்டா போட்டதுதான், எடுக்க முடியாது, யோசிச்சிக்கோங்க' என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். ஊருக்கெல்லாம் சொன்னவனுக்குத் தன் வீட்டுத் தாள் என்றதும் அது மறந்துபோனது.

மகள் அந்தச் சனிக்கிழமை மாடிக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. டாக்டரம்மாவிடம் போன் செய்து சொன்னோம், உடனே கூட்டி வாருங்கள் என்று சொல்லி அவளோடு பேசினார். மருந்து தொடர்ந்தது. குழுவுக்குப் போவது மட்டும் அவள் இஷ்டம், வற்புறுத்தாதீர்கள் என்றார். வற்புறுத்தாமல் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று வற்புறுத்திப் பழகியவனுக்குத்தான் தெரியும். வீட்டில் அவள் அம்மா அவளை விட்டு ஒரு அடி நகரவில்லை. நான் கடையில் இருந்தபடியே ஒரு நாளைக்கு ஏழு தடவை போன் போட்டு, சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று இரண்டு பேர் உயிரையும் வாங்கினேன்.

அந்த வாரம் அலுவலக அம்மா கடைக்கு வந்தார். கடையில் கூட்டம் இருப்பதையும் பார்க்காமல் நான் "மேடம், மாடியில..." என்று ஆரம்பித்தேன்.

"பின் அடிச்சிக் குடுங்க" என்றார். சுற்றி ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர் செய்தது சரி என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அந்த ஸ்டேப்ளரை அவர் மேலேயே எறிய வேண்டும் போல இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை. மதியம் இரண்டரை இருக்கும், நல்ல மழை. கடையில் யாரும் இல்லை. மகள் குடையோடு தனியாக வந்து நின்றாள். உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நைனா, இன்னிக்கி முடியல" என்றாள்.

அவளாக வந்து என்னிடம் ஒன்று சொன்னது அதுதான் முதல் முறை. என் வாய்க்குள் 'ஏம்மா, இன்னா ஆச்சு, யாரு இன்னா சொன்னாங்க' எல்லாம் வரிசையாக வந்து நின்றது. எப்படியோ விழுங்கினேன். விழுங்கிவிட்டு, "டீ குடிக்கிறியா" என்று கேட்டேன். உலகத்திலேயே உருப்படாத கேள்வி. அவள் தலையை ஆட்டினாள். பிறகு எனக்கே ஒன்று தோன்றியது.

"மாடிக்குப் போலாமா? இன்னிக்கி சனிக்கெழமதான்."

"தாளு இல்லாம எப்படிப் போறது?"

அந்தப் படத்தை முகப்பிலிருந்து அன்றைக்கே எடுத்து, இஸ்திரிப் பெட்டி கைவிட்ட பிறகு கல்லாப் பெட்டிக்குப் பின்னால் சுவர் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அதைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. இழுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டேன். ஷட்டரை இறக்கினேன். அவளைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை எடுத்தேன். மழையில் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தோம். படம் மட்டும் ஒரு சொட்டு நனையவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

உரக்கடைப் படிக்கட்டில் அலுவலக அம்மா கதவைத் திறந்துகொண்டிருந்தார். நான் படத்தை நீட்டி, "நான்தான் மேடம் கெடுத்துட்டேன். அவளக் கேக்காம போட்டுட்டேன்" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. படத்தை வாங்காமல் மகளைப் பார்த்தார். அவள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் தாளு போச்சிக்கா" என்றாள்.

"போச்சிதான்" என்றார் அந்த அம்மா.

எனக்குப் பகீரென்றது. நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லக் கூடாதா? இன்னொன்று செய்துகொள்ளலாம், இதைவிட நன்றாக வரும், எதையாவது. அந்த அம்மா நனைந்த படியில், நல்ல புடவையோடு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மணிக்கட்டு வரை இருந்த ரவிக்கைக் கையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு இந்த வாரம் ரொம்ப மோசம். உனக்கு?"

மகள் அந்த ரவிக்கைக் கையைப் பார்த்தாள்.

"எனக்கும்" என்றாள்.

இரண்டு வருஷம் நான் கத்தி, அவள் அம்மா அழுது, சத்தியம் வாங்கி, தாழ்ப்பாளைக் கழற்றி வாங்க முடியாத வார்த்தை அது. என் மூக்கு நுனியில் மழை சொட்டிக்கொண்டிருந்தது, நான் மரம் மாதிரி நின்றேன். 'நானும் வர்றவதான்' என்று அவர் முதல் நாள் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இதுக்குப் படிச்சிருக்கீங்களா என்று கேட்டேனே, இவர் இந்தப் படியில் உட்கார அந்த ஒரு தகுதி இருந்தது, எனக்கு அது இல்லை. அந்த ரவிக்கையைப் பற்றி வீட்டில் நான் அடித்த கிண்டலும் அதே நேரத்தில் ஞாபகம் வந்தது.

மகள் என் கையிலிருந்த படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் மேல் விழுந்திருந்த மழைத் துளிகளைத் துப்பட்டாவால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பிறகு தலையைத் தூக்கி, "நைனா, கரண்ட் அட்டையில எழுதற பேனா இருக்குதா?" என்றாள்.

அந்த மார்க்கர் எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். பதினைந்து வருஷமாக லேமினேஷன் மேல் எழுதி அழித்துக்கொண்டிருக்கிறவன் நான். இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டிய அந்த இரண்டு வாரத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. அவள் பேனாவையும் படத்தையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறிப்போனாள். அந்த அம்மா பின்னாலேயே போனார். திரும்பி, "நீங்க மூட்டை மேல உக்காருங்கண்ணே, நனையாதீங்க" என்றார். அதுவரை அவர் என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

ஐந்து மணிக்கு இறங்கி வந்தாள். கையில் புதிதாக ஒரு கெட்டித் தாள் இருந்தது, வெறும் தாள். பழைய படம் இல்லை.

"எங்கம்மா அது?" என்று கேட்டேன்.

"மேல மாட்டிட்டோம். யாருக்கு முடியலையோ அவங்க எழுதலாம். போறப்ப அழிச்சிடணும். இன்னிக்கி நாலு பேர் எழுதனாங்க."

"இன்னா எழுதனாங்க?"

"சொல்லக்கூடாது நைனா."

எனக்கு வந்த எரிச்சலில் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள், விரலெல்லாம் மார்க்கர் கறை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நடுவில் ஒருமுறை சறுக்கியது. ஆனால் அந்தத் தடவை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, அவளே வந்து அம்மாவிடம் சொன்னாள், மறுநாள் டாக்டரிடமும் சொன்னாள். நான் கத்தவில்லை. கத்தாமல் இருக்க என்ன பாடுபட்டேன் என்பது எனக்கும் என் மனைவிக்கும்தான் தெரியும். இப்போது அவள் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போகிறாள். சனிக்கிழமை விடுமுறை கிடைத்தால் மாடிக்குப் போகிறாள், மாதம் ஒரு முறை சாவி அவள் கையில் இருக்கிறது. வேஸ்ட் காப்பி சப்ளை இன்னும் என் கடையிலிருந்துதான். நான் அந்த மாடியில் இன்றுவரை ஏறியதில்லை. அந்த மலை மேல் யார் என்ன எழுதி அழிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பது இன்னமும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அலுவலக அம்மா இப்போதும் கோடு விழுகிறது என்று சண்டை போடுகிறார். குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று, தெருநாய்க்கும் நிம்மதி.

பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று இதை எழுதி முடித்ததும் முதலில் அந்த அம்மாவிடம் கேட்டேன். "ஆபீஸ் எதுன்னு போடாதீங்கண்ணே" என்றார். பிறகு மகளிடம் கொடுத்தேன். உட்கார்ந்து முழுவதும் படித்தாள். என் பேனாவை வாங்கி ஓர் இடத்தில் இரண்டு வரிகளை அடித்தாள். அந்த வரிகள் இதில் இல்லை. "இது இன்னும் முடியல நைனா. ஆனா அனுப்பு" என்றாள்.

இப்போது கடைக்கு யார் எந்தத் தாளை நீட்டினாலும், "இதுல இன்னும் ஏதாவது எழுத வேண்டியது இருக்குதா" என்று கேட்டு, அவர்கள் இல்லை என்று சொன்ன பிறகுதான் மிஷினைச் சூடேற்றுகிறேன், ஒவ்வொரு முறை அப்படிக் கேட்கும்போதும் என் மகளைக் கேட்காமல் விட்ட அந்த வியாழக்கிழமை எனக்கு ஞாபகம் வருகிறது.